பழைய மெசினின் வயதைக் கேட்காதீர்கள், வருத்தத்தைக் கேளுங்கள்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, கடையைப் பூட்டுகின்ற நேரத்தில் ஓர் இளைஞர் வந்தார். எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. சொந்தமாக எட்டு ஏக்கர் வயல் செய்கிறார். எண்ணெய் பட்ட ஒரு கடதாசியை மேசையில் விரித்தார். அதில் இரண்டு வெட்டு மெசின்களின் விலையும் வருடமும் எழுதப்பட்டிருந்தன.

“காக்கா, ரெண்டு மெசின் பாத்திருக்கன். ஒண்டு 2016 மொடல், 35 இலட்சம் சொல்றாங்க. மற்றது 2013, 28 இலட்சம். புதுசத்தான் எடுப்பம் எண்டு இருக்கன். நீங்க ஒருக்கா வந்து பாருங்களன்” என்றார்.

காசு எப்படி என்று கேட்டேன். மனைவியின் நகை, சகோதரியின் கணவர் தருவதாகச் சொன்ன ஒரு தொகை, மிச்சம் லீசிங் என்றார். நகை என்ற சொல்லைக் கேட்டதும் கதிரையை இழுத்து அவரை உட்கார வைத்தேன். இந்த வாரம் இந்தப் பத்தியை எழுதுவதற்குக் காரணம் அந்த இளைஞர் மாத்திரமல்ல. இந்த மாவட்டத்தில் நாலு வட்டைக்குப் போனால் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் நாற்பது பேரைக் காணலாம். அவர்களுக்கு மெசின் விற்பவர்களும் கடன் கொடுப்பவர்களும் உதிரிப்பாகம் கொடுப்பவர்களும் பெரும்பாலும் எங்களைப் போன்ற வியாபாரிகள்தான். எனவே இது இரு தரப்பாருக்குமான பேச்சு.

முதலில் கணக்கு

எட்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தன் வயலை வெட்டுவதற்கென்று ஒரு மெசின் தேவையே இல்லை. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. கணக்கைப் பாருங்கள். வெட்டுக் கூலி ஏக்கருக்கு 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கூலி வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு ஏக்கர், பெரும்போகம் சிறுபோகம் இரண்டுக்கும் சேர்த்து வருடத்துக்கு 2,24,000 ரூபாய். 35 இலட்சம் கொடுத்து வாங்கிய மெசின் இந்தக் கூலியை மிச்சப்படுத்தித் தன் விலையைத் தேட ஏறத்தாழ 16 வருடம் வேண்டும். அதுவும் டீசல், ஒயில், பெல்ட் ஒன்றுக்கும் காசு போகாவிட்டால்.

ஆகவே மெசின் வாங்குபவர் விவசாயி என்ற நிலையில் இருந்து வெட்டுக் கூலித் தொழில் செய்பவர் என்ற நிலைக்கு மாறுகிறார். அந்தத் தொழிலின் கணக்கு வேறு. எங்கள் பக்கத்தில் பெரும்போக வெட்டு ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகும். ஆனால் ஒரு வட்டையில் தண்ணீர் ஒரே காலத்தில் கொடுக்கப்படுவதால் விதைப்பும் வெட்டும் ஒரே காலத்தில்தான் வரும். நல்ல வேலை கிடைப்பது மூன்று, மூன்றரை வாரம். அதில் மழை நாளும் பழுதான நாளும் போக 18 நாள் ஓடுகிறது, நாளொன்றுக்கு 5 ஏக்கர் வெட்டுகிறது என்றால் 90 ஏக்கர். கூலி 12,60,000 ரூபாய். டீசல், சாரதி, உதவியாள், வேலை பிடித்துத் தரும் புறோக்கர், மெசினை ஏற்றி இறக்கும் லொறி எல்லாவற்றுக்கும் பாதி போனால் மிச்சம் 6,30,000. இரண்டு போகத்துக்கும் 12,60,000. வருடத் திருத்த வேலைக்கு 4 இலட்சம் ஒதுக்கினால் கையில் நிற்பது 8,60,000. போட்ட முதல் திரும்ப நாலு வருடத்துக்கு மேல் ஆகும்.

பொலன்னறுவை, கிளிநொச்சி, மன்னார் என்று வெட்டு நடக்கும் இடங்களுக்கெல்லாம் மெசினை அனுப்புபவர்கள் இதைவிடக் கூட உழைக்கிறார்கள், உண்மை. ஆனால் அதற்கு நம்பிக்கையான சாரதியும் அங்கே வேலை பிடித்துத் தரும் ஆளும் வேண்டும். முதல் வருடத்திலேயே அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்ப்பது சரியல்ல.

இந்தக் கணக்கில் ஓர் எண்ணை மாத்திரம் மாற்றிப் பாருங்கள். வெட்டின் நடுவில் மூன்று நாள் மெசின் நின்றால் 15 ஏக்கர் போய்விட்டது. அதாவது 2,10,000 ரூபாய்க் கூலி. நீங்கள் பேசி வைத்த வயற்காரர் காத்திருக்கமாட்டார். கதிர் முற்றி நிற்கிறது, வானம் கறுக்கிறது, அவர் வேறு மெசினைக் கூப்பிடுவார். அடுத்த போகம் உங்களிடம் வரவும் மாட்டார்.

ஆகவே பழைய மெசினைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற் கேள்வி “எந்த வருடம்?” என்பதல்ல. “இது நின்றால் எத்தனை மணித்தியாலத்தில் ஓடும்?” என்பதே.

எந்த வகை?

எங்கள் பகுதியில் அதிகம் காணப்படுவது குபோட்டா டீ.சீ. 70 போன்ற, கீழே றபர் பட்டியில் ஓடும், ஏறத்தாழ 70 குதிரை வலுவும் 2 மீற்றர் வெட்டு அகலமும் கொண்ட மெசின்கள். சேற்றுத் தரைக்கும் சிறிய வரம்புக்கும் அது பொருத்தம். சக்கரம் வைத்த பெரிய மெசின்கள் காய்ந்த, பரந்த தரைக்கு உரியவை. எங்கள் ஈர வயலில் புதையும், வரம்பை உடைக்கும். ஜப்பானில் பாவித்த, கதிரை மாத்திரம் உள்ளே விட்டு அடிக்கும் சிறிய மெசின்கள் விலை குறைவாகக் கண்ணைக் கவரும். அவை வரிசையாக நட்ட பயிருக்கென்று செய்யப்பட்டவை. நாங்களோ பெரும்பாலும் எறிந்து விதைக்கிறோம். அவற்றில் மின்சார சென்சர்களும் அதிகம், எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. ஒரு சென்சர் போனால் அதை அறிந்த பாஸ் ஒருவரைத் தேடி நீங்கள் எத்தனை ஊர் போக வேண்டும்?

எனது அபிப்பிராயம் இதுதான்: உங்கள் வட்டையைச் சுற்றி எந்த வகை மெசின் பத்துக்கு மேல் ஓடுகிறதோ அந்த வகையையே வாங்குங்கள். அதைத் திருத்தும் பாஸ் பக்கத்தில் இருப்பார். பெல்ட்டும் பெயாரிங்கும் பக்கத்துக் கடையில் இருக்கும். அவசரத்துக்கு அடுத்த மெசின்காரரிடம் ஒரு சாமான் இரவல் வாங்கலாம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது பலரும் அறியாத மெசின்களை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை எனது கடையில் இருந்தே கண்டேன். சாமானுக்குக் காசு இருந்தும் சாமான் இல்லை.

எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

அந்த இளைஞரோடு இரண்டு மெசினையும் பார்க்கப் போனேன். கூடவே முப்பது வருடம் எஞ்சின் வேலை செய்த ஒரு பாஸையும் கூட்டிக்கொண்டு போனேன். பாஸுக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலியைப் போல் இலாபமான செலவு இந்தத் தொழிலில் வேறில்லை.

முதலாவது, 2016 மொடல். வெளியூர் யார்ட் ஒன்றில் நின்றது. புதுப் பெயின்ட் மின்னியது. நாங்கள் போகும் முன்பே எஞ்சினை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். பாஸ் எஞ்சினில் கை வைத்துப் பார்த்து என்னைப் பார்த்தார். சூடு. எஞ்சினின் வருத்தம் தெரிவது குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போதுதான். வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது, நீலப் புகை வருகிறதா, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று எவ்வளவு அடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். “நாளை காலை வருகிறோம், நாங்கள் வரும்வரை தொடாதீர்கள்” என்றோம். விற்பவருக்கு அது பிடிக்கவில்லை.

மணித்தியால மீற்றர் 1,400 என்று காட்டியது. மீற்றரை மாற்றலாம், வயரைக் கழற்றியும் விடலாம். ஆனால் இரும்பு பொய் சொல்லாது. பாஸ் கீழே குனிந்து றபர் பட்டியை ஓட்டும் பல்லுச் சக்கரத்தைக் காட்டினார். பல்லு கொக்கி போல் வளைந்து தேய்ந்திருந்தது. நெல்லைத் தள்ளும் சுருள் தகட்டின் ஓரம் கத்தி போல் இருந்தது. 1,400 மணித்தியாலத்தில் ஒரு தகடு இப்படித் தேயாது. பெயின்டுக்குக் கீழே இரண்டு இடத்தில் புது வெல்டிங்.

இரண்டாவது, 2013 மொடல், எங்கள் பக்கத்து வட்டையிலேயே ஓடும் மெசின். பக்கத் தகடு நசுங்கியிருக்கிறது, பெயின்ட் போய்விட்டது. உரிமையாளர் எங்களைக் கண்டதும் முதலில் சொன்னது: “இடது பக்க உருளை ரெண்டு மாத்த வேணும். நெல் ஏத்துற சுருள் தேஞ்சிட்டு. ரேடியேற்றர் பின்னேரத்தில சூடேறும், ஒரு தரம் கழட்டிக் கழுவ வேணும்.” பாஸ் பார்த்துவிட்டு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்: கதிரடிக்கும் உருளையின் பற்களில் பாதி தேய்ந்துவிட்டன. மொத்தத் திருத்தச் செலவு 4 இலட்சம் மட்டில் வரும் என்றார்.

நான் இளைஞருக்குச் சொன்னேன்: “பழசத்தான் எடுங்க, தம்பி.”

அவர் வியப்போடு பார்த்தார். 28 இலட்சமும் 4 இலட்சமும் 32. அந்தக் காசுக்கு அவர் வாங்குவது எந்த வருத்தம் உண்டு, எது இல்லை என்று தெரிந்த ஒரு மெசின். 35 இலட்சத்துக்கு மற்றதை எடுத்தால் வாங்குவது ஒரு பெயின்டை.

பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கீழ்ப்பகுதி. றபர் பட்டியில் வெடிப்பு உண்டா, உள்ளே இருக்கும் உருக்குக் கம்பி வெளியே தெரிகிறதா, உருளைகளின் சீலில் ஒயில் கசிகிறதா என்று பாருங்கள். ஒரு சோடி பட்டியின் விலையைக் கடையில் கேட்டுவிட்டுப் போங்கள். பேரம் பேசும்போது உதவும்.

அடுத்தது மெசினை முன்னும் பின்னும் ஓட்டும் ஹைட்ரோலிக் பம்பு, பாஸ்மார் எச்.எஸ்.டி. என்று சொல்வது. இது குளிராக இருக்கும்போது நன்றாகவே இழுக்கும். ஒயில் சூடேறிய பின்னர்தான் இழுவை விழும். ஆகவே எஞ்சினைக் குளிரில் பாருங்கள், பம்பைச் சூட்டில் பாருங்கள். குறைந்தது ஒரு மணித்தியாலம் வேலை செய்த பின் வரம்பில் ஏற்றிப் பாருங்கள். ஒயிலில் கருகல் மணம் வந்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு அடிக்கும் பகுதி. வெட்டுக் கத்தி, கதிரைச் சாய்க்கும் றீல், உள்ளே இழுக்கும் செயின் இவற்றை மாற்றுவது பெரிய வேலையல்ல. உருளைப் பல்லும் அதன் கீழ் வலையும் தேய்ந்தால்தான் நெல் வைக்கோலோடு வெளியே போகும். கடைசியாக, ஓடி நிறுத்தியதும் எல்லாப் பெயாரிங்கிலும் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். எது மற்றதைவிடச் சுடுகிறதோ அது அடுத்த போகத்தில் உங்களை நிறுத்தப் போவது.

இவை எல்லாவற்றுக்கும் மேலான பரீட்சை வயலில்தான். மெசின் வெட்டிப் போன அகலம் முழுவதிலும் நாலைந்து இடத்தில் ஒரு சதுர அடிக்குள் சிந்திய நெல்லை எண்ணிப் பாருங்கள். வெட்ட முன்பே உதிர்ந்ததைக் கழித்துவிடுங்கள். சராசரி 55 மணி கிடந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 60 கிலோ போகிறது என்று அர்த்தம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த 120 ரூபாய் விலையில் அது 7,200 ரூபாய். ஏக்கருக்கு 2,000 கிலோ விளைந்த வயலில் இது நூற்றுக்கு மூன்று. இப்படிச் சிந்தும் மெசினை வயற்காரர் ஒரு முறைதான் கூப்பிடுவார்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெட்டுக் காலத்தில் மெசின் விலை ஏறி நிற்கும். வெட்டு முடிந்ததும் விலை இறங்கும், ஆனால் ஓட்டிப் பார்க்க வயல் இருக்காது. ஆகவே வெட்டுக் காலத்தில் நாலு மெசினை மற்றவர் வயலில் நின்று பார்த்துத் தெரிவு செய்து வையுங்கள். வெட்டு முடிந்து இரண்டு வாரத்தில் போய் விலை பேசுங்கள். அவசரப்படாதவருக்கு இது இரண்டு, மூன்று இலட்சம் மிச்சம்.

காசும் பங்காளியும்

கையிலுள்ள காசு முழுவதையும் மெசின் விலைக்குக் கொடுப்பவர் முதல் போகத்திலேயே கைநீட்ட வேண்டி வரும். 40 இலட்சம் இருந்தால் 30 இலட்சத்து மெசினைப் பாருங்கள். மிச்சம் திருத்தத்துக்கும், முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டிய பெல்ட், பெயாரிங், கத்திக்கும், முதல் வாரத்து டீசலுக்கும். 2022 இல் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனதும், காசு வைத்திருந்தவர்களும் கானோடு வரிசையில் நின்றதும் மறந்துவிடவில்லை.

லீசிங் எடுப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். தவணை மாதாமாதம் வரும். மெசினுக்கு வருமானம் வருடத்தில் இரண்டு தடவைதான். ஏப்ரலிலும் நவம்பரிலும் தவணையை எதில் கட்டப் போகிறீர்கள்? கடையோ வேறு தொழிலோ இல்லாதவர் இந்தக் கேள்விக்கு விடை எழுதிவிட்டுக் கையொப்பம் இடுவது நல்லது. விற்பவர் லீசிங்கில் எடுத்த மெசின் என்றால் கடன் கட்டி முடிந்த கடிதத்தைக் கண்ணால் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று நாலு பேர் சேர்ந்து வாங்குவது சிறு விவசாயிக்கு நல்ல வழி. ஆனால் பங்காளிகள் சண்டை பிடிப்பது காசுக்காக அல்ல, “யாருடைய வயலை முதலில் வெட்டுவது?” என்பதற்காக. அதையும், பழுதானால் யார் காசு போடுவது என்பதையும், ஒருவர் விலகினால் விலை எப்படிப் பார்ப்பது என்பதையும் வாங்க முன் எழுதிக்கொள்ளுங்கள். முறை வைத்து ஒவ்வொரு போகமும் மாற்றலாம், சீட்டும் குலுக்கலாம். மச்சான்தானே என்று எழுதாமல் விட்டால் மெசினும் போகும், மச்சானும் போவார்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை வாங்குபவருக்குச் சொன்னேன். இனிச் சொல்வது எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும்.

2015 இல் நானும் எனது மச்சானும் சேர்ந்து ஒரு பழைய மெசின் வாங்கினோம். மேலே சொன்ன எந்தப் பரீட்சையும் செய்யவில்லை. விற்பவரின் பேச்சை நம்பினோம். முதல் போகத்திலேயே பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு மெசின் வரம்பு ஏற மறுத்தது. ஹைட்ரோலிக் பம்பு. வெட்டு முடிந்ததும் அதை விற்றுவிடத் தீர்மானித்தோம். பொலன்னறுவைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார், சிறு விவசாயி. காலை ஏழு மணிக்கு, குளிரில், பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினோம். பம்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

அடுத்த போகத்தில் வெட்டுத் தொடங்கி நாலாவது நாள் அவர் போன் பண்ணினார். “நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்று நான் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டார். அந்த மௌனம் என்னை விடவில்லை. தானியக் குவியலுக்குள் நனைந்ததை மறைத்து வைத்த வியாபாரியின் சம்பவத்தை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! எட்டு மாதம் கழித்துப் பம்பு திருத்திய செலவில் பாதியை அனுப்பி வைத்தேன். வாங்கிக்கொண்டார். மீதிப் பாதி இன்னும் எனது கணக்கில்தான் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அவர் வெட்டில் இழந்த நாட்களுக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

இப்போது நான் எந்தப் பழைய மெசின் வியாபாரத்தில் நடுவில் நின்றாலும் ஒரு காரியம் செய்கிறேன். விற்பனைப் பற்றுச்சீட்டிலேயே தெரிந்த பழுதுகளை இலக்கம் போட்டு எழுதி, இரு தரப்பாரும் கையொப்பம் இடச் சொல்கிறேன். உருளை இரண்டு, சுருள் ஒன்று, ரேடியேற்றர் என்று. தொடக்கத்தில் விற்பவர்கள் சிரித்தார்கள், விலை விழுந்துவிடும் என்றார்கள். விலை சற்று விழத்தான் செய்கிறது. ஆனால் பிறகு போன் வருவதில்லை. வாங்கியவர் அடுத்த மெசினுக்கும் அதே ஆளைத்தான் தேடி வருகிறார். பழுதை மறைத்து விற்கும் சந்தையில் நல்ல மெசினுக்கும் நல்ல விலை கிடைக்காது. வாங்குபவர் எல்லாவற்றையும் பழுதென்றே எண்ணி விலையைக் குறைப்பார். மறைப்பதால் நட்டப்படுவது மறைக்காதவனும்தான்.

எங்கள் வியாபாரிகள் சங்கங்கள் இதை ஒரு வழக்கமாக்கலாம். பெரிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. ஒரு பக்கத்தில் அச்சடித்த ஒரு படிவம் போதும்: எஞ்சின், பம்பு, பட்டி, உருளை, கதிரடிக்கும் பகுதி, பத்திரம் என்று ஆறு வரி. ஒவ்வொன்றுக்கும் நேரே விற்பவர் தனக்குத் தெரிந்ததை எழுத வேண்டும்.

அந்த இளைஞர் 2013 மெசினைத்தான் எடுத்தார். தனியாக அல்ல, பக்கத்து வயற்காரர் இருவரோடு சேர்ந்து. லீசிங் எடுக்கவில்லை. நகையில் பாதி வீட்டிலேயே இருக்கிறது. சுருளும் உருளையும் இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மெசின் எப்படி ஓடும் என்பதை வரும் வெட்டுத்தான் சொல்லும். ஆனால் அது நின்றால் எதனால் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைத் திருத்தும் பாஸின் வீடு இரண்டு மைலுக்குள் இருக்கிறது. பழைய மெசின் வாங்குபவர் விலை கொடுத்து வாங்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.